கச்சான் காத்துக்கு அஞ்சு புத்தகம்

ஜூன் மாசம் பிறந்தால் போதும், உலகம் முழுக்க 'சமர் ரீடிங்' பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். கடற்கரையில் கால் நீட்டிக்கொண்டு வாசிக்க ஒண்டு, பயணத்தில் வாசிக்க ஒண்டு, மூளையைக் கசக்காமல் வாசிக்க ஒண்டு. நானும் அந்தப் பட்டியல்களை விரும்பிப் பார்க்கிற ஆள்தான். ஆனால் எங்கட பக்கத்துக் கோடை வேற. மாரி மழை ஓய்ந்து, வயல் வெட்டி முடிந்து, வைகாசிக்குப் பிறகு மேற்கில் இருந்து கச்சான் காத்து எழும்பும். முகத்தில் அடித்தால் அடுப்புக்குக் கிட்ட நிண்ட மாதிரி இருக்கும். பாலைப்பழம் விற்க வருவார்கள். பின்னேரம் வரைக்கும் ஒருவரும் முத்தத்தில் இறங்க மாட்டார்கள். வாசிக்கிறதுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

இந்த வாவிக் கரையில் கோடைக்கு எண்டு ஒரு வாசிப்பு முந்தியே இருக்கு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கும். பல ஊர்களில் வருசத்துக்கு ஒருக்காத்தான் அந்தக் கதவு திறபடும். அந்த நாட்களில் 'கண்ணகி வழக்குரை'யை ராகத்தோடு படிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனின் கோபம் ஆறவேணும் எண்டு கடைசி நாள் குளிர்த்தி பாடுவார்கள். நாங்கள் குளுத்தி எண்டுதான் சொல்லுவம். வீ. சீ. கந்தையா ஏட்டில் இருந்த அந்த வழக்குரையைப் பதிப்பித்தவர். 1964ல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எண்டு இந்த மண்ணின் பாட்டு, பேச்சு, வழக்கம் எல்லாவற்றையும் திரட்டி ஒரு புத்தகமும் தந்தவர். யோசித்துப் பாருங்க. வெயில் உச்சத்தில், ஒரு ஊர் கூடி இருந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, ஒரு கோபத்தை ஆற்றுகிறது. கோடை வாசிப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

என்ர ஊர் ஆரையம்பதி. காத்தான்குடி முடிகிற இடத்தில் எங்கட ஊர் தொடங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஒடுங்கின எழுவான்கரையில் கல்லடியில் இருந்து தெற்கே அக்கரைப்பற்று வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பாருங்க. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், திரும்பத் தமிழ் ஊர் எண்டு மாறி மாறி வரும். எல்லாரும் பேசுகிறது தமிழ்தான். ஆனால் அவர்களுக்கு முஸ்லிம் பாடசாலை, எங்களுக்குத் தமிழ்ப் பாடசாலை. அவர்களுக்கு நோன்பு விடுமுறை, எங்களுக்கு ஓகஸ்ட் விடுமுறை. லீவு கூட ஒண்டாகக் கிடைக்காது. சந்தையில் மீன் விலை பேசுவம், ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் நிற்பம். அதோட சரி.

இந்த ஓகஸ்டுக்கு இன்னொரு கனமும் இருக்கு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள், குழந்தைகளோடு சேர்த்து. நாங்கள் பிறக்க முந்தி நடந்தது எண்டு சொல்லித் தப்பலாம். ஆனால் 2019 ஏப்ரல் 21 எங்கட காலத்தில் நடந்தது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நேரம் நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். ரியூசனில் எனக்குப் பக்கத்துக் கதிரை காத்தான்குடிப் பிள்ளை ஒருத்தி. கிழமைக்கணக்கில் வகுப்பு நடக்கவில்லை. திரும்பத் தொடங்கின நேரம் அந்தப் பக்கக் கதிரைகள் வெறுமையாக இருந்தது. பிறகு அவர்களுக்கு வேற இடத்தில் வகுப்பு எண்டு கேள்விப்பட்டேன்.

அவளுடைய போட்டோக்கொப்பி ஒண்டு என்னட்ட இருந்தது. ஈஸ்டருக்கு முதல் கிழமை, "இதை வாசி, வாசிச்சிட்டுச் சொல்லு" எண்டு தந்தது. எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'. நாலு மாசம் அது என்ர மேசையில் கிடந்தது. கடைசியில், ஆக்களின்ர சாமான திருப்பிக் குடுக்கத்தானே வேணும் எண்டு அம்மாவிடம் சொல்லிப்போட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிசத் தூரம். அந்தப் பிள்ளையின் உம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "உள்ள வா மகள், வெயிலுக்க நிக்காத" எண்டார். அண்டைக்கு நாங்கள் குண்டைப் பற்றிக் கதைக்கவில்லை. கதையைப் பற்றிக் கதைத்தோம். அது போதுமாக இருந்தது. திருப்பிக் குடுக்கிறதுக்கு ஒரு புத்தகம் இருந்ததால்தான் எனக்கு அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது.

அதனால்தான் இந்த வருசம் நான் தருகிற பட்டியல் கொஞ்சம் வேற மாதிரி. எல்லாம் கிழக்கைச் சேர்ந்த புத்தகங்கள். ஒவ்வொண்டும் உங்கட தெருவுக்கு அடுத்த தெருவைப் பற்றினது.

முதலாவது, வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'. இவர் மூதூர்க்காரர். இந்தத் தொகுதி 1962ல் வந்தது. தலைப்புக் கதையில் மீன்பிடிக் குடும்பத்துப் பொடியன் ஒருவன், தனக்கெண்டு சொந்தமாக ஒரு தோணி வேணும் எண்டு ஆசைப்படுகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் கடலில் உழைக்கிறவனுக்குத் தோணி சொந்தமில்லை எண்டால் வாழ்க்கையில் என்னென்ன சொந்தமில்லாமல் போகும் எண்டதை ஒரு பிரசங்கமும் இல்லாமல் சொல்லிவிடும். ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' தமிழில் கிடைக்கிறது. ரெண்டையும் ஒரே கிழமையில் வாசியுங்க. கியூபாக் கிழவனுக்குத் தனிமைதான் பெரிய பாரம், மூதூர்ப் பொடியனுக்கு இல்லாமை. இந்த வித்தியாசத்தைப் பற்றியே ஒரு பின்னேரம் முழுக்கக் கதைக்கலாம். வாசிப்புப் பழக்கம் இல்லாத தம்பிமாருக்கு முதலில் குடுக்க வேண்டியதும் இதுதான். கதை சின்னது, பயப்பட மாட்டான்.

ரெண்டாவது, நான் மேலே சொன்ன 'மக்கத்துச் சால்வை'. ஹனீபா ஓட்டமாவடிப் பக்கத்து ஆள். கால்நடைத் துறையில் வேலை செய்தவர். அது கதையிலும் தெரியும், மாட்டையும் மனிசரையும் ஒரே கவனத்தோடு பார்ப்பார். தலைப்புக் கதை சிலம்பம் ஆடுகிற ஆட்களைப் பற்றினது. போட்டி, மானம், வயசு, கடைசியில் பெருந்தன்மை. அண்ணாவியார் எண்ட சொல்லு கூத்துக்கு மட்டும் உரியது எண்டு நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, சிலம்பத்துக்கும் அண்ணாவியார் இருப்பார் எண்டு இந்தக் கதைதான் சொல்லித் தந்தது. எங்கட வட்டக்களரிக்கும் அவர்களுடைய கம்புக்கும் ஒரே சொல்லு. என்ர பெத்தாவுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடிய, "அந்த நாள்ள பெருநாளுக்குக் கம்பு பாக்க நாங்களும் போற மனே" எண்டார். இருபது வருசமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்தக் கதையை அண்டைக்குத்தான் முதல் தரம் கேட்டேன்.

மூண்டாவது, 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்'. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்கள், 2013ல் வந்தது. அனாரின் கவிதைகளையே பலர் முதலில் சொல்லுவார்கள். சரி, அதையும் வாசியுங்க. ஆனால் கோடைக்கு இது. நாலு வரி, நாலு வரியாக இருக்கும். காதல், பிரிவு, நக்கல், வயல் வேலை. பலதும் பெண் குரல். இதையும் 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் உள்ள பாட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எது தமிழ் ஊர்ப் பாட்டு, எது முஸ்லிம் ஊர்ப் பாட்டு எண்டு சில இடங்களில் பிரிக்கவே ஏலாது. மச்சானுக்காகக் காத்திருக்கிறவளுக்கு எல்லா ஊரிலும் ஒரே மெட்டுத்தான். இதை மனதுக்குள் வாசிக்கக் கூடாது, சத்தமாக வாசிக்க வேணும். அம்மாமார் சமைக்கிற நேரம் குசினி வாசலில் இருந்து வாசியுங்க. அவர்கள் நிச்சயம் ஒரு சொல்லைத் திருத்துவார்கள்.

நாலாவது, விமல் குழந்தைவேலின் 'கசகறணம்', 2011. அக்கரைப்பற்றுச் சந்தை. பக்கத்துப் பக்கத்தில் இருந்து யாவாரம் செய்த தமிழ், முஸ்லிம் சனங்கள். கடனும் சண்டையும் சிரிப்புமாக ஒட்டிக்கொண்டு கிடந்த உறவு, எண்பதுகளில் எப்படிக் கிழிந்தது எண்டு அந்த நாவல் காட்டும். நான் இதைச் சொல்ல இன்னொரு காரணம் அதன் பேச்சு. எங்கட கதையை நாங்களே மேடையில் நக்கலடிக்கிறோம். 'மறுகா', 'என்னகா' எண்டு சொன்னால் கொழும்பில் சிரிப்பார்கள், யாழ்ப்பாணத்திலும் சிரிப்பார்கள். இந்த நாவலில் அந்தப் பேச்சுத்தான் ராசா. தொடக்கத்தில் பத்துப் பக்கம் கொஞ்சம் தடக்கும், மற்றப் பக்கத்து ஆக்களுக்கு இன்னும் கூடத் தடக்கும். விடாதீங்க. காது பழகினால் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது.

அஞ்சாவது, 'உம்மத்'. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித்தின் நாவல், 2014. மூண்டு பெண்கள். தவக்குல் சமூக வேலை செய்கிற முஸ்லிம் பெண். யோகாவும் தெய்வானையும் இயக்கத்தில் இருந்து திரும்பி வந்தவர்கள். போர் முடிந்த பிறகு மூண்டு பேருக்கும் ஊர் என்ன குடுத்தது எண்டதுதான் கதை. இயக்கத்துக்குப் போன பெண்ணைத் தமிழ் ஊர் எப்படிப் பார்க்கும், வெளியில் வேலை செய்கிற பெண்ணை முஸ்லிம் ஊர் எப்படிப் பார்க்கும் எண்டு ரெண்டு பக்கத்தையும் ஒரே பேனையால் எழுதியிருக்கிறார். ரெண்டு பக்கத்திலும் சிலருக்கு இது கசக்கும். எனக்கும் சில இடத்தில் வாக்குவாதம் இருக்கு. சில பக்கங்களில் கதையைவிட விளக்கம் கூடிப்போகுது. இருந்தாலும் அஞ்சில் ஒண்டைத்தான் வாசிக்க ஏலும் எண்டு யாராவது கேட்டால், இதைத்தான் குடுப்பேன். எங்கட பிரச்சினை மட்டும்தான் பிரச்சினை எண்டு வளர்ந்த ஆளுக்கு, அடுத்த வீட்டுச் சுவருக்கு அங்காலயும் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும்.

"புத்தகம் எங்க வாங்குற?" எண்டு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஈழத்துப் பழைய புத்தகங்கள் பலது இப்ப அச்சில் இல்லை. இந்தியப் பதிப்புகள் இங்க வந்து சேரும்போது விலை ஏறிவிடும். 2005ல் இருந்து இயங்குகிற 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாக இருக்கு. முதலில் அங்க தேடுங்க. புதுசுகளை நாலு பேர் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்கி, ஆளுக்கு ஒரு கிழமை எண்டு சுற்றுக்கு விடுங்க. எங்கட கூட்டாளிகளுக்குள்ள அப்படித்தான் 'கசகறணம்' ஆறு வீடு போய் வந்தது. கடைசியில் அட்டை கழன்றுதான் வந்தது. பரவாயில்லை.

வாசித்துவிட்டுக் கூடிக் கதைக்கிறதும் இங்க புதுசில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பில் வாசகர் வட்டம் ஒண்டு இருந்தது. பிறகு 'தராக்கி' எண்ட பேரில் எழுதி, 2005 ஏப்ரலில் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் சிவராம் இளவயதில் அதில் இருந்தவர். அவரைப் பற்றி மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் எழுதி 2007ல் வந்த நூலில் அந்த வட்டத்தைப் பற்றியும் வாசிக்கலாம். அந்தக் காலத்துப் பொடியன்களிடம் போனும் இல்லை, பட்டியலும் இல்லை. கையில் கிடைத்ததை வாசித்தார்கள், வாசித்ததை வைத்து வாதாடினார்கள்.

பட்டியல் போடுகிறது லேசு. நூறு பேர் 'நல்லாருக்கு' எண்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு புத்தகம் வாசிக்கப்பட வேணும் எண்டால் அதை ஒரு ஆளின் பேர் சொல்லிக் குடுக்க வேணும். "இதை வாசிச்சா எனக்கு உன்ட ஞாபகம் வந்தது" எண்டு சொன்னால் அந்த ஆள் வாசிக்காமல் விட மாட்டார். அதனால் இந்த விடுமுறைக்கு ஒரு சின்ன வேலை. தமிழ்ப் பிள்ளைகள் ஹனீபாவையோ அனாரையோ ஸர்மிளாவையோ எடுங்க. முஸ்லிம் பிள்ளைகள் இராசரத்தினத்தையோ விமல் குழந்தைவேலையோ எடுங்க. வாசித்து முடிய, மற்ற ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளிடம் கொண்டுபோய்க் குடுங்க. ரியூசன் கூட்டாளி, கம்பஸில் ஒரே பட்ச், அப்பாவோடு வேலை செய்கிறவரின் மகள், யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார்.

தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் போங்க. பின்னேரம் கச்சான் காத்துக் குறைந்த பிறகு போங்க. வறுத்த கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. திருப்பி வாங்கவும் நேரில்தான் போக வேணும் எண்டதை மட்டும் மறக்காதீங்க.