பேரனின் பஸ்ஸும் என் சீட்டும்

போன வாரம் உழவர் சந்தையில் பழைய அலுவலக நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, போன்ல பஸ் ஓட்டறீங்களாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மறைக்க என்ன இருக்கிறது? ஓட்டுகிறேன். 68 வயதில் தினமும் மாலை அரை மணி நேரம்.

பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்று அதற்குப் பெயர். அந்த ஊர்க் கம்பெனி ஒன்று 2017-ல் வெளியிட்டது. ஸ்டியரிங், கியர், ஹாரன் எல்லாம் திரையிலேயே இருக்கும். ஸ்டாப்பில் நிறுத்தி ஆளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இந்தோனேசியாவிலும் நம்மைப் போல சாலையின் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் எனக்குச் சிரமமில்லை. அங்கே பிள்ளைகள் ரோட்டோரம் நின்று, போகிற பஸ்காரரிடம் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கை காட்டுவார்களாம். நாமும் சின்ன வயதில் லாரியைப் பார்த்து அதைத்தானே செய்தோம்!

இதில் பெரிய வசதி, பஸ்ஸுக்கு நமக்குப் பிடித்த பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். என் பேரன் (மகள் வயிற்றுப் பேரன்) நம் ஊர் பஸ் மாதிரியே வரைந்து கொடுத்திருக்கிறான். திரையில் ஓடுவது ஜாவாத் தீவு. என் மனசுக்குள் மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஸ்டாப் வந்துகொண்டிருக்கும்.

நண்பரிடம் இவ்வளவுதான் சொன்னேன். இந்த பஸ் என் போனுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லவில்லை. வீட்டாருக்குத் தெரிந்து மூன்று வருடமாகிறது. இனி உங்களுக்கும் தெரியட்டும்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது மகள், மாப்பிள்ளை, பேரன் மூவரும் நாமக்கல்லில் எங்களோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லாரித் தொழில். வண்டி ஓடாமல் நின்ற நேரம். பையனுக்கு 13 வயது. ஆன்லைன் கிளாஸ் முடிந்ததும் பப்ஜி. "பின்னாடி வர்றான், சுடுடா" என்று ராத்திரி பத்து மணிக்கும் கத்துவான்.

அந்த ஜூனில் கல்வானில் 20 வீரர்கள் உயிர் விட்டார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பழனியும் அதில் ஒருவர். மாப்பிள்ளைக்கு வந்த கோபத்தில் வீட்டிலுள்ள எல்லார் போனிலும் சீனச் செயலிகளைத் தேடித் தேடி அழித்தார். செப்டம்பர் 2-ம் தேதி அரசாங்கமே பப்ஜியையும் சேர்த்து 118 செயலிகளைத் தடை செய்தது. நான் மாப்பிள்ளை பக்கம் நின்றுகொண்டு, "போனையே பிடுங்கி வைங்க மாப்பிள்ளை" என்றேன். "அப்புச்சி, அந்தக் கேம் கொரியாக்காரனோடது. போன்ல விட்டவன்தான் சீனாக்காரன்" என்று பையன் வாதாடினான். அவன் சொன்னது சரி. ஆனால் 13 வயதுப் பையன் சொல்வதை யார் காதில் வாங்கினோம்?

அதே வருடம் எனக்குப் புது போன் வேண்டியிருந்தது. பரமத்தி ரோட்டில் ஒரு கடைக்குப் போய், "சீனா போன் வேண்டாம்" என்று கம்பீரமாகச் சொன்னேன். கடைக்காரப் பையன் கொரியா போன் ஒன்றை எடுத்து வைத்தான். அதே வசதியுள்ள சீன போனைவிட 4,000 ரூபாய் அதிகம். "இதுவும் ஆந்திராவுல ஃபேக்டரி போட்டு இங்கேயே செய்யறதுதானுங்க" என்று சமாதானமும் அவனே சொன்னான். சீன போனோடு வீடு வந்து சேர்ந்தேன். என் தேசபக்தி 4,000 ரூபாய் வரைக்கும்கூட தாங்கவில்லை.

இனிமேல் வருவதுதான் எழுதக் கையை இழுக்கும் இடம். 2020 நவம்பரில் நம் மாநில அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை கொண்டு வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. உடனே விளம்பரங்கள் திரும்ப வந்துவிட்டன. அந்தப் புது போனில் ரம்மி ஒன்றை இறக்கினேன். சேர்ந்தவுடன் 50 ரூபாய் இனாம். முதல் வாரம் 640 ரூபாய் ஜெயித்தேன். அந்த 640-ஐ நான் தோற்றிருந்தால் தப்பித்திருப்பேன்.

சீட்டு எனக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி மண்டப மாடியில் பவானி ஜமுக்காளம் விரித்து ஆடாதவர் நம்மில் யார்? பாயின்டுக்குப் பத்து பைசா. விடிவதற்குள் ஒருவருக்குத் தூக்கம் வரும், இன்னொருவரை வீட்டம்மா வந்து திட்டுவார், ஆட்டம் கலைந்துவிடும். போனில் எந்த நேரமும் எதிரே நாலு பேர் தயாராக இருந்தார்கள். ஒருவர் முகமும் தெரியாது.

ராத்திரி பதினொன்றுக்கு ஹாலில் உட்கார்ந்தால் மூன்று மணி ஆகும். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள்வேன். வீட்டம்மா எழுந்து வந்தால் கொரோனா செய்தி பார்க்கிறேன் என்பேன். கருவூலத்தில் 33 வருடம் பில் பாஸ் செய்தவன் நான். ஒரு ரூபாய் இடித்தாலும் திருப்பி அனுப்பிய ஆள், என் கணக்கை மட்டும் எட்டு மாதம் கூட்டிப் பார்க்கவில்லை. 2022 மார்ச்சில், பேரன் காலேஜுக்கு என்று என் பேரில் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகையை உடைத்தேன்.

இதே சமயத்தில் பப்ஜி வேறு பேரில் திரும்ப வந்திருந்தது. பத்தாவது பரீட்சை வைத்துக்கொண்டு அதை ஆடுகிறான் என்று பையனைத் திட்டிக்கொண்டிருந்தவனும் நானேதான்.

பரீட்சை முடிந்த மறுவாரம், போனில் இடம் இல்லை என்று வருகிறது, என்னவென்று பார் என்று அவனிடமே கொடுத்தேன். சரி செய்தவன் கண்ணில் பேங்க் மெசேஜ்கள் பட்டிருக்கின்றன. வரிசையாக 500, 1,000, 2,000. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அப்புச்சி, இது என் காலேஜுக்குன்னு சொன்ன காசா?"

ஆமாம் என்று வாயால் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

கூட்டிப் பார்த்தான். 1,43,500. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான், நான் கேட்காமலே. ரம்மியை அழித்தான். "கை சும்மா இருக்காதுல்ல, இதை ஓட்டுங்க" என்று இந்த பஸ்ஸைப் போட்டுக் கொடுத்தான்.

மூன்று மாதம் கழித்து நானே வீட்டில் சொன்னேன். வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை. மாப்பிள்ளை, "சரி விடுங்க மாமா" என்று மட்டும் சொன்னார். அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு பேப்பரில் இந்தச் செய்தியைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இது திறமையா, அதிர்ஷ்டமா என்றுதான் நீதிமன்றங்கள் பல வருடம் பேசியிருக்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கு அது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ஆட்டத்துக்குச் சொன்னதை ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கும் பொருத்துவது எனக்கு ஒப்பவில்லை.

நம் சட்டசபை இரண்டாம் முறை சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. 2025 பிப்ரவரியில், ராத்திரி பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை காசு வைத்து ஆடக்கூடாது என்று விதி போட்டார்கள். நான் தோற்றதெல்லாம் பெரும்பாலும் அந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான். ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்தால் எந்த ஆன்லைன் ஆட்டமும் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. யார் ஆட்சியில் வந்தது என்று எங்கள் வாக்கிங் கோஷ்டியில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. லாட்டரியை 2003-ல் நிறுத்தியபோதும் இதே சண்டைதான். ஜூன் 2020-லிருந்து இரண்டு வருடம் தாமதமில்லாமல் யார் நிறுத்தியிருந்தாலும் அவருக்கு என் ஓட்டு.

2022 செப்டம்பரிலிருந்து பென்ஷனில் மாதம் 3,000 பையன் கணக்கில் போடுகிறேன். இந்த நவம்பரோடு 39 தவணை, 1,17,000. மீதி 26,500. வட்டி சேர்க்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. சேலத்தில் காலேஜ் இரண்டாம் வருடம். ஃபீஸை மாப்பிள்ளைதான் கட்டுகிறார்.

தீபாவளிக்கு வந்தவன் பஸ்ஸுக்குப் புது பெயின்ட் அடித்து, முன்னால் 'சேலம் - நாமக்கல்' என்று தமிழில் போர்டும் வைத்தான். "ராசிபுரத்தை விட்டுட்டயே கண்ணு" என்றேன்.

"இது பைபாஸ் ரைடர் அப்புச்சி. ஊருக்குள்ள போகாது" என்றான்.