அசலா, நகலா?

குதிரையில் வரும் ஹீரோ, வில்லன் கும்பலைப் பார்த்ததும் துப்பாக்கியை உருவுவான். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுப்பான். 'கர்ரக்... கர்ரக்!' காலித் தோட்டா வெளியே தெறிக்கும், புதுசு உள்ளே ஏறும். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அது வின்செஸ்டர்!

அந்தத் துப்பாக்கியை இன்றும் அமெரிக்காவில் புத்தம் புதிதாக வாங்கலாம், தெரியுமோ? டெக்ஸாஸில் இருக்கும் என் கல்லூரி நண்பனுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. "நாலஞ்சு கம்பெனிக்காரன் பண்றான்டா. எது ஒரிஜினல்? நீதான் பத்திரிகைக்காரனாச்சே, விசாரிச்சுச் சொல்லேன்" என்றான்.

விசாரித்தேன். பி.காமில் மாய்ந்து மாய்ந்து படித்த 'குட்வில்' பாடம் இவ்வளவு வருஷம் கழித்து இதற்கா உதவ வேண்டும்!

பெயர்தான் அசல் என்றால், கதை இப்படிப் போகிறது. ஆலிவர் வின்செஸ்டர் சட்டை வியாபாரி. 1866-ல் தன் பெயரில் துப்பாக்கிக் கம்பெனி நடத்த ஆரம்பித்தார். 1931-ல் அது திவாலாகி, ஆலின் குடும்பத்தின் கைக்குப் போனது. நியூ ஹேவன் தொழிற்சாலையை 2006-ல் மூடியே விட்டார்கள். இப்போது ஒரு பெல்ஜியம் குழுமம் அந்தப் பெயரை லைசென்ஸ் எடுத்து, ஜப்பானின் மிரோகு கம்பெனியில் செய்து வாங்கி விற்கிறது. வேலைப்பாடு பிரமாதம் என்கிறார்கள். ஆனால், மிச்சமிருக்கும் அசல் பெயர் மட்டுமே.

உருவம்தான் அசல் என்றால், இத்தாலிக்குப் போக வேண்டும். 1959-ல் தொடங்கிய உபெர்ட்டி கம்பெனி, 1873 மாடலை அச்சு அசலாகச் செய்கிறது. டெக்ஸ் வில்லரைப் படைத்தவர்கள் இத்தாலிக்காரர்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட்டைப் புகழேற்றிய செர்ஜியோ லியோனியும் இத்தாலிக்காரர். கௌபாய்களை அவர்கள் அளவுக்கு யாரும் காதலிக்கவில்லை போலிருக்கிறது!

அமெரிக்காவில் செய்ததுதான் வேண்டுமா? ஹென்றி கம்பெனி இருக்கிறது. ஆனால், அது 1996-ல் தொடங்கியது. 1860-ல் ஹென்றி ரைஃபிளை வடிவமைத்த பெஞ்சமின் டைலர் ஹென்றிக்கும் இதற்கும் பரம்பரைத் தொடர்பு கிடையாது. பிரேசிலின் ரோஸி, 1892 மாடலைக் குறைந்த விலைக்குத் தருகிறது. 1873-ஐவிட உறுதியான அமைப்பு. ஜான் வேய்ன் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் வைத்திருப்பதும் 1892 மாடல்தான். கதை நடப்பதோ சுமார் 1880-ல்!

"குழப்பிட்டியே, நான் எதைத்தான் வாங்க?"

"நீ எதுக்குடா வாங்குறே?"

வாரக் கடைசியில் கிளப்பில் குறி பார்த்துச் சுட. பன்னிரண்டு வயசுப் பையனுக்கும் கற்றுத்தர.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 1873 மாடலுக்கென்றே வந்த 44-40 தோட்டா இன்று சுலபத்தில் கிடைக்காது, விலையும் அதிகம். அதே மாடலை 357 மேக்னம் தோட்டாவுக்கும் செய்கிறார்கள். அதில் மலிவான 38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம். "357 வந்ததே 1935-ல்தானே, சரித்திரம் என்னாவது?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால், அந்தக் காலத்துக்காரன் 44-40-ஐ ஏன் விரும்பினான்? அதே தோட்டாவுக்கு கோல்ட் கம்பெனி ரிவால்வரும் போட்டது. இரண்டுக்கும் ஒரே தோட்டாப்பெட்டி போதும்! சிக்கனமும் சௌகரியமும்தான் அவன் கணக்கு.

2014-ல் நெவாடாவின் தேசியப் பூங்கா ஒன்றில், மரத்தில் சாய்த்து வைத்தபடியே ஒரு வின்செஸ்டரைக் கண்டெடுத்தார்கள். மாடல் 1873, தயாரான வருடம் 1882. யாரோ சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் ஊரில் மண்வெட்டியைச் சாய்த்து வைப்போமே, அப்படி! அவருக்கு அது வெறும் கருவி.

ஜப்பானில் தயாராகும் 1892, 1894 மாடல்களில் புதிதாக ஒரு சேஃப்டி பட்டன் உண்டு. 'அழகைக் கெடுக்கிறது' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். பன்னிரண்டு வயசுப் பையன் இருக்கிற வீட்டில் அழகாவது, சரித்திரமாவது! நண்பனிடம் சொன்னேன்: "முதல்ல பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி வாங்கு. அப்புறம் அந்தப் பட்டன் இருக்கிற 1892-ஐ, 357-ல வாங்கு."

"பழைய லுக் போயிடுமேடா..."

போகட்டுமே! பழைய பொருளின் நகலை வாங்கும்போது நாம் காப்பாற்ற வேண்டியது, அன்றைக்கு அதை வாங்கியவனின் புத்தியை. அதற்கு மட்டும் எந்தக் கம்பெனியும் நகல் எடுத்துத் தருவதில்லை!