பெயருள்ள காகிதம்: ஜெர்சி சிட்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

"அக்கா, அங்க புளி கிடைக்குமா? நல்லெண்ணெய் கிடைக்குமா?" ஜெர்சி சிட்டிக்குக் கிளம்பும் பெண்கள் போனில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கிடைக்கும். இட்லி அரிசி, அப்பளம், கறிவேப்பிலை, குக்கர் கேஸ்கட் வரை எல்லாம் கிடைக்கும். புளிக்கு ஒதுக்கிய இடத்தில் காகிதங்களை வையுங்கள் என்றுதான் நான் சொல்வது. கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பட்டச் சான்றிதழ். இந்த ஊரில் சாப்பாட்டுக்குக் குறை வராது. காகிதம் இல்லாவிட்டால்தான் கஷ்டம்.

நான் 2016-ல் திருச்சியிலிருந்து எச்-4 விசாவில் வந்தவள். அன்றிலிருந்து ஜர்னல் ஸ்கொயர் பக்கம்தான் வாசம். எங்கள் கட்டடத்துக்கு வருஷத்துக்கு நாலைந்து தமிழ்க் குடும்பங்களாவது புதிதாக வருகின்றன. அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. வேலைக்கு வந்தவருக்குக் காகிதம் தானாகச் சேரும். ஆபீஸ் கடிதம், சம்பளச் சீட்டு, இன்ஷூரன்ஸ் அட்டை எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கும். கூட வந்தவருக்கு நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும்.

எங்கே குடியிருப்பது?

ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டன், இந்தப் பக்கம் ஜெர்சி சிட்டி. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,92,449. நியூ ஜெர்சியில் நூவர்க்குக்கு அடுத்த பெரிய ஊர்.

ஆற்றங்கரையில் நியூபோர்ட், எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். துவைக்கும் இயந்திரம், ஜிம், வாசலில் ஆள் என்று எல்லா வசதியும் உண்டு, வாடகையும் அதற்கேற்ப. உள்ளே தள்ளி ஜர்னல் ஸ்கொயர். இங்கே புது அடுக்குமாடிகளும் உண்டு, இரண்டு மூன்று குடும்பம் இருக்கும் பழைய வீடுகளும் உண்டு. இன்னும் மேட்டில் ஹைட்ஸ். பழைய வீடுகளில் பெரும்பாலும் துவைக்கும் இயந்திரம் இருக்காது. தெருமுனை லாண்ட்ரிக்குத்தான் போக வேண்டும். அதற்காகவே கால் டாலர் நாணயங்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பது இந்த ஊர்ப் பழக்கம்.

தரைக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட் வீடு மலிவாக வந்தால் ஒரு முறை யோசியுங்கள். 2012-ல் சாண்டி புயலிலும், 2021 செப்டம்பர் 1-ம் தேதி ஐடா மழையிலும் இந்த ஊரின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. சாதாரண வாடகைதாரர் இன்ஷூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு ஒரு நல்ல செய்தி. நியூ ஜெர்சி சட்டப்படி அட்வான்ஸ் ஒன்றரை மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்து 30 நாளுக்குள் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரரே உடன் குடியிருக்கும் சின்ன வீடுகளுக்குச் சில விலக்குகள் உண்டு. ஹீட்டர் வீட்டுக்காரர் பொறுப்பு என்றால், அக்டோபர் 1 முதல் மே 1 வரை பகலில் 68 டிகிரி ஃபாரன்ஹீட், இரவு 11 மணிக்கு மேல் 65 டிகிரி இருந்தே ஆக வேண்டும். நம் கணக்கில் 20 டிகிரி, 18 டிகிரி. குளிர் வந்தால் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கத் தேவையில்லை, தைரியமாகக் கேட்கலாம்.

லீஸில் இருவர் பெயரும்

ஒப்பந்தம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் 'டெனன்ட்'. மனைவி, பிள்ளைகள் பெயரைக் கீழே 'ஆக்குபன்ட்' என்று தனியாகப் போடுவார்கள். உடன் குடியிருப்பவர் என்று அர்த்தம். படிக்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் உரிமம் வாங்கப் போனால் வித்தியாசம் தெரியும்.

நியூ ஜெர்சியில் ஓட்டுநர் உரிமத்துக்கு 'ஆறு புள்ளி' முறை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு, கூட்டினால் ஆறு வர வேண்டும். அதோடு முகவரிக்குச் சான்று தனி. விண்ணப்பிப்பவர் பெயர் வாடகைதாரராக உள்ள லீஸ், சமீபத்திய கரன்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவை செல்லும். கணவர் பெயரில் இருக்கும் பில் மனைவிக்குச் சான்றாகாது.

போன வருஷம் கரூரிலிருந்து வந்த ஒரு பெண். எம்.இ. படித்தவள், ஊரில் ஸ்கூட்டி, கார் இரண்டும் ஓட்டியவள். இங்கே ஒரு கவுன்ட்டரில் பெரிய ஃபைலைப் பிரித்து வைத்திருக்கிறாள். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள், இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று. லீஸ், கரன்ட், இன்டர்நெட், பேங்க் எல்லாமே கணவர் பெயர். வீட்டுக்கு வந்து என்னிடம், "அக்கா, நான் இந்த ஊர்லயே இல்ல போலருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் டீயைத் தொடவில்லை.

கணவர் ஏமாற்றுகிறார் என்பதில்லை. வேலை நெருக்கடியில் ஒருவரே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுவது சுலபம், அவ்வளவுதான். அதனால் முதல் நாளே இருவரும் 'டெனன்ட்' என்று போடச் சொல்லுங்கள். வாடகைக்கு இருவரும் பொறுப்பு என்பதும் அதில் அடங்கும், தெரிந்தே போடுங்கள். முடியாவிட்டால் கரன்ட், கேஸ் கணக்கையாவது மனைவி பெயரில் தொடங்குங்கள். இங்கே இரண்டுக்கும் பிஎஸ்இ அண்டு ஜி என்ற ஒரே நிறுவனம்தான்.

இனிஷியலும் எஸ்எஸ்என்னும்

நமக்கே உரிய தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் பேங்கில் ஒரு மாதிரி, லீஸில் ஒரு மாதிரி, டாக்டர் ஆபீஸில் உங்களை 'ஃப்னூ' என்று கூப்பிடுவார்கள். கிளம்பும் முன்பே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்துப் பாஸ்போர்ட்டில் இரண்டு பகுதியும் நிரம்பியிருக்கும்படி செய்யுங்கள். வந்து இறங்கியதும் ஐ-94 பதிவை இணையத்திலிருந்து இறக்கி, எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

எச்-1பி-யில் வந்தவருக்கு எஸ்எஸ்என் எண் கிடைக்கும். எச்-4-ல் வந்தவருக்கு வேலை அனுமதி இல்லாதவரை கிடைக்காது. அந்த அனுமதி 2015 மே முதல், கிரீன் கார்டு வழியில் கணவரோ மனைவியோ குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. மற்றவர்கள் வருமான வரிக் கணக்கோடு ஐடிஐஎன் என்ற வரி எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்எஸ்என் இல்லாமலே நியூ ஜெர்சியில் சாதாரண ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். பாஸ்போர்ட்டை வைத்துக் கூட்டுக் கணக்கு தொடங்கித் தரும் பேங்க்குகளும் உண்டு. ஒரு கிளையில் முடியாதென்றால் அடுத்ததில் கேளுங்கள். கார் ஓட்டப் பிடிக்காதவர்கள் ஓட்டுநரல்லாதவருக்கான அடையாள அட்டை வாங்கலாம். எங்கே போனாலும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். போகும் முன் அந்தந்தத் துறையின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மன்ஹாட்டனில் வேலை, இங்கே வீடு என்றால் வருஷக் கடைசியில் இரண்டு மாநிலத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். நியூயார்க்குக்குக் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். நியூயார்க் நகரவாசிகளுக்கான வரி நமக்கு இல்லை. பல பேர் ஆற்றின் இந்தக் கரையைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார் இல்லாமல்

இந்த ஊரின் பெரிய வரம் பாத் ரயில். 1908-ல் தொடங்கிய பாதை, இரவு பகல் 24 மணி நேரமும் ஓடும். ஜர்னல் ஸ்கொயரில் ஏறினால் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் உலக வர்த்தக மையம். ஒன்றை நினைவில் வையுங்கள்: பாத் டிக்கெட் நியூயார்க் சப்வேக்குச் செல்லாது, அங்கே தனியாகக் கட்ட வேண்டும். லைட் ரயிலில் கேட் எதுவும் இருக்காது. அதற்காக இலவசம் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறும் முன் மேடையில் உள்ள மெஷினில் முத்திரை குத்த வேண்டும். திடீரென்று பரிசோதகர் வருவார்.

பஸ்ஸோடு பஸ்ஸாக ஜிட்னி என்ற தனியார் சிறு பஸ்களும் ஓடும். நம்ம ஊர் மினி பஸ் மாதிரிதான். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் இருக்கும் என் தங்கை, கார் ஓட்டக் கற்கும்வரை ஏழு மாதம் வீட்டை விட்டுத் தனியாக வெளியே போகவில்லை. பால் வாங்கக்கூடக் கணவர் வர வேண்டும். இங்கே வந்த இரண்டாம் நாளே தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். எங்கே குடியிருப்பது என்று இரண்டு மூன்று ஊர்களுக்கு நடுவே யோசிப்பவர்கள், வேலைக்குப் போகிறவரின் பயண நேரத்தோடு இதையும் கணக்கில் சேருங்கள்.

கார் வாங்கினாலும் ஒரு சுகம் உண்டு. நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போடக் கூடாது, சட்டம். ஊரில் பங்க்கில் போடுவது மாதிரி ஆள் வந்து போடுவார்.

நியூவர்க் அவென்யூ

கென்னடி பூலவார்டுக்கும் டொனெல் அவென்யூவுக்கும் நடுவே நியூவர்க் அவென்யூவில் இருப்பதுதான் இந்தியா ஸ்கொயர். கடைகள் பெரும்பாலும் குஜராத்திகளுடையவை. முருங்கைக்காயை "சர்க்வா" என்பார்கள், கையைக் காட்டினால் போதும். கையில் பை எடுத்துப் போங்கள். 2022 மே 4 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கினார்களே, அதை இங்கே நாங்கள் தினமும் கடைப்பிடிக்கிறோம். அம்மா அனுப்பிய ஜவுளிக்கடைப் பைகள்தான் எங்கள் வீட்டில் மளிகைப் பைகள்.

இந்தத் தெருவுக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1987-ல் 'டாட் பஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல், இந்தியர்களை ஊரைவிட்டே விரட்டுவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. 'டாட்' என்றது நம் நெற்றிப் பொட்டை. அந்தச் செப்டம்பரில் பக்கத்து ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற இளைஞர் தாக்கப்பட்டு, சில நாளில் இறந்தார். அந்தப் பயத்திலும் கடையை மூடிவிட்டுப் போகாமல் இருந்தவர்களும், ஊர்வலம் போய் நியாயம் கேட்டவர்களும்தான் இந்தத் தெருவை நமக்கு விட்டுவைத்தவர்கள். இன்றைக்குப் பொட்டும் பூவுமாக நவராத்திரிக்கு இங்கே நடக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளும் டாக்டரும்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஜெர்சி சிட்டி அரசுப் பள்ளிகளில் இலவச வகுப்பு உண்டு. புது வரவுகளில் பலருக்கு இது தெரியாமல் தனியாருக்குப் பெரும் பணம் கட்டுகிறார்கள். சேர்க்கைக்குத் தடுப்பூசி விவரமும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். காசநோய்ப் பரிசோதனையும் கேட்கலாம். ஊரில் பிசிஜி ஊசி போட்ட குழந்தைக்குத் தோலில் செய்யும் பரிசோதனை நோய் இல்லாமலே 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனையை அந்த ஊசி பாதிக்காது. அதைச் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சாதாரணக் காய்ச்சலுக்கு எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள், பில் தலையைச் சுற்றும். 'அர்ஜென்ட் கேர்' போதும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 911.

ஞாயிற்றுக்கிழமை

ஃபைவ் கார்னர்ஸ் நூலகம் நியூவர்க் அவென்யூவிலேயே இருக்கிறது. ஊர்வாசிகளுக்கு அட்டை இலவசம். பல பெண்களுக்கு இந்த ஊரில் தன் பெயர் போட்டுக் கிடைக்கும் முதல் அட்டை இதுதான். கோயிலுக்கு ஃப்ளஷிங் பிள்ளையார். பாத்தில் 33-ம் தெரு போய், மாறி 7-ம் நம்பர் சப்வேயில் கடைசி ஸ்டேஷன் வரை. போய்வர அரை நாள் ஆகும், கோயில் கேன்டீன் தோசைக்காகப் பிள்ளைகள் முனகாமல் வருவார்கள்.

லிபர்ட்டி ஸ்டேட் பார்க்குக்கும் ஒரு தடவை போங்கள். 1892 முதல் 1954 வரை எல்லிஸ் தீவில் இறங்கிப் பதிவு செய்துகொண்ட லட்சக்கணக்கானவர்கள், படகில் இந்தக் கரைக்கு வந்துதான் ரயில் ஏறி நாடெங்கும் போனார்கள். அந்தப் பழைய ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. அவர்களுக்கும் முதல் கேள்வி பெயர்தான்.

கரூர்ப் பெண் இப்போது கரன்ட் பில்லைத் தன் பெயருக்கு மாற்றி, உரிமமும் வாங்கிவிட்டாள். புதிதாக வந்தவர்கள் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் இருவருமாக உட்கார்ந்து ஃபைலைப் பிரித்துப் பாருங்கள். லீஸ், பேங்க், ஏதாவது ஒரு பில், ஒரு அடையாள அட்டை. இந்த நாலிலும் இருவர் பெயரும் இருந்தால், இருவருமே இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள்.