மும்மாவும் பதினேழாம் இலக்கமும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், பங்காளிகள் கூடியிருந்த இடத்தில், யான் என் பாட்டனாரைத் தலைகுனிய வைத்தேன். அதற்குக் காரணமாய் நின்றது ஒரு பின்னம்.

திருவண்ணாமலைக்கு மேற்கே எங்கட்குச் சிறிது நிலமும், பங்காளிகளோடு பொதுவாக ஒரு கிணறும் உண்டு. பாட்டனார் தம் இளமையில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எம் பங்கு ‘மும்மா’ எனக் காணப்படுகிறது. மா என்பது 20-இல் ஒன்று. மும்மா 20-இல் மூன்று. 20 நாட்கு ஒருமுறை சுற்றிவரும் தண்ணீர் முறையில் எங்கட்கு மூன்று நாள். இதில் ஒருவர்க்கும் ஐயம் இருந்ததில்லை.

புதிய உடன்படிக்கைக்குப் பங்குகளைத் தசமத்தில் எழுத வேண்டுமென்றனர். பைதான் என்னும் நிரல்மொழியைச் சிறிது கற்றிருந்த யான் (தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கு இஃது எற்றுக்கு என்பாரும் உளர்) மடிக்கணினியோடு முன்வந்தேன். மாவை 0.05 எனக் கொடுத்து, மூன்றாற் பெருக்கி, பத்திரத்தின் ஓரத்தே பென்சிலாற் குறித்திருந்த 0.15-க்கு அது சமமோ என வினவினேன். ‘அன்று’ என விடை வந்தது. பெருக்கி வந்ததை எழுதிக் காட்டச் செய்தேன். 0.15000000000000002 எனத் திரையில் நின்றது.

“பத்திரத்திற் பிழை இருக்கிறது” என்றேன். சின்னத் தாத்தா பாட்டனாரை ஒரு பார்வை பார்த்தார். பாட்டனார், “தம்பி, நமக்கு எத்தனை நாள் கூடுகிறது?” என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

கல்லூரி திறந்தபின் கணித வகுப்பு நண்பர் ஒருவர் விளக்கினார். கணிப்பொறி பின்னங்களை இரண்டின் கூறுகளாகவே வைத்துக்கொள்ளும். அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை அதனுள் பழுதின்றி அடங்கும். மா அடங்காது, 20-இல் ஐந்து என்னும் காரணி இருத்தலின். 1985-இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 754 என்னும் விதிப்படி, 53 இரும இலக்கங்களுக்குள் மிக நெருங்கிய எண்ணே வைக்கப்படும். ஆகவே 0.05 என நாம் எழுதுவது உள்ளே 0.05000000000000000277 என்றாற்போல் நீண்டு செல்லும்.

அங்ஙனமாயின் திரை 0.05 என்று காட்டுவது எவ்வாறு? எண்ணை எழுத்தாக்கும் பகுதி, திரும்பப் படித்தால் அதே எண்ணைத் தரவல்ல மிகக் குறுகிய தொடரைத் தேடி எழுதுகிறது. 2009-இல் வந்த பைதான் 3.1 இம்முறையைக் கைக்கொண்டது; அதற்கு முந்திய பதிப்புகள் 0.1-ஐயே 0.10000000000000001 எனக் காட்டினவாம்! இனி, 0.15 உள்ளே இம்மியளவு குறைந்தும், மாவை மூன்றாற் பெருக்கியது இம்மியளவு மிகுந்தும் நிற்கும் அடுத்தடுத்த இரண்டு எண்கள். அவற்றை வேறுபடுத்திக் காட்டவே பதினேழாம் இடத்து 2 வேண்டியதாயிற்று. இரண்டு இலக்கம் போதுமெனப் பணித்திருந்தால் 0.15 என்றே எழுதியிருக்கும். எனினும் சமமோ என்னும் வினாவிற்கு விடை மாறியிராது.

பாட்டனார் கேட்ட வினாவையும் கணக்கிட்டேன். 20 நாள் என்பது 17,28,000 விநாடி. எமக்குக் கூடியது, ஒரு விநாடியை 1000 கோடி கூறு செய்தால் அதில் ஒரு கூற்றின் பாதிக்கும் குறைவு.

அடுத்த விடுமுறையில் அவர் காலடியில் அமர்ந்து இவ்வளவும் சொல்லி மன்னிப்பு வேண்டினேன். “முந்திரியாக்கிக் கூட்டியிருக்கலாமே” என்றார். முந்திரி 320-இல் ஒன்று. ஒன்றுக்கு 320 முந்திரி, மாவுக்கு 16, மும்மாவுக்கு 48. யாவும் முழு எண்கள், கணிப்பொறிக்கும் இடர் இல்லை. திண்ணைப்பள்ளியில் எண்சுவடி படித்த தம் தந்தையார் வழியே அவர் கற்றது அது. நிரலை அவ்வாறே திருத்தினேன். பங்குகள் யாவும் 320 எனக் கூடின. சின்னத் தாத்தாவை அழைத்து அதனையும் காட்டினேன்.

மும்மாவுக்குரிய பழங்குறியையும் அச்சிட விரும்பினேன். 2019-இல் யூனிக்கோடு தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு இடம் தந்துள்ளது. ஆயின் என் கருவியில் அதற்குரிய எழுத்துரு இன்மையால் வெறுங்கட்டமே தோன்றிற்று. பாட்டனார் அதைப் பார்த்துச் சிரித்து, பென்சிலை வாங்கித் தம் கையாலேயே அக்குறியை எழுதிக் கொடுத்தார்.