விரைவும் இழுவையும்

ஊர்தி ஒன்றைக் கண்டவுடன் இளையோர் கேட்கும் முதல் வினா, ‘எவ்வளவு விரைவாகச் செல்லும்?’ என்பது. பொறுப்பு ஏற்றோர் கேட்கும் வினா, ‘எவ்வளவு சுமை தாங்கும்?’ என்பது. முதல் வினாவிலிருந்து இரண்டாம் வினாவுக்கு வந்து சேர்வதற்குள் மனிதர் வாழ்வில் சில ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. மேலைநாடுகளில் அம்மாற்றம் பலருக்கு ஓர் ஊர்தியை விற்று மற்றோர் ஊர்தியை வாங்கும் நாளாக வருகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஓட்டுபவரின் மகிழ்ச்சியையே முதன்மையாகக் கருதி உருவாக்கப்படும் மகிழுந்து. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 அதற்கு நல்ல சான்று. இரண்டே இருக்கைகள், திறந்து மடக்கத்தக்க கூரை, தரையை ஒட்டிய தாழ்வான உடல், ஏறத்தாழ ஒரு டன் எடை. வளைவுகள் நிறைந்த சாலையில் அது ஓட்டுபவரின் எண்ணத்தையே பின்பற்றுவதுபோல் திரும்பும். 2016இல் இவ்வகை ஊர்தியின் பத்து இலட்சமாவது வண்டி உருவானது. வெறும் மகிழ்ச்சிக்காகவும் மனிதர் பொருள் செலவிடுவர் என்பதை இவ்வெண்ணிக்கை காட்டுகிறது.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் செம்மறியாடு வளர்த்து வாழும் குடும்பங்கள் பல. அப்படியொரு குடும்பத்தில் பிறந்து, நகரத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பல ஆண்டுச் சேமிப்பில் அவர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குகிறார். விடுமுறை நாள்களில் கூரையைத் திறந்துவிட்டு, மலைச்சாலைகளில் காற்று முகத்தில் அறைய ஓட்டுகிறார். ஆண்டுகள் செல்கின்றன. குழந்தை பிறக்கிறது, இரண்டு இருக்கைகளுக்கு மூன்று பேர் ஆகின்றனர். ஊரிலுள்ள தந்தைக்கோ முழங்கால் தளர்கிறது. ஆடுகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இனி அவரால் இயலாது. மகன் குடும்பத்துடன் ஊர் திரும்ப முடிவு செய்கிறார். அந்த அழகிய மகிழுந்தில் குழந்தைக்கே இடமில்லாதபோது ஆடுகளுக்கு ஏது இடம்?

‘ஆற்றல்மிக்க எஞ்சின்தான் இருக்கிறதே, அதன் பின்னால் ஒரு வண்டியைக் கட்டி இழுத்தால் என்ன?’ என்று தோன்றலாம். இழுத்தல் என்பது வெறும் வலிமையன்று. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் பெரும்பாலும் மிகுந்த சுழற்சியில்தான் தன் முழுத்திறனையும் வெளிப்படுத்தும். சுமையுடன் நிற்கும் வண்டியை அசைப்பதற்கோ, குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த திருப்புவிசை தேவை. இழுக்கும் ஊர்திக்குத் தக்க எடையும் வேண்டும். எடை குறைந்த ஊர்தியைப் பின்னால் வரும் சுமையே அலைக்கழித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிறுத்தும் ஆற்றல் வேண்டும். நிறை இருமடங்கானால் இயக்க ஆற்றலும் இருமடங்காகிறது. வேகம் இருமடங்கானாலோ அது நான்கு மடங்காகிறது. பள்ளத்தில் இறங்கும்போது, இதுவரை பின்னால் இழுபட்டுவந்த சுமை முன்னால் தள்ளத் தொடங்கும். எனவேதான் பிரிட்டனில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குத் தனியே பிரேக் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். இழுவண்டியில் சுமையை அடுக்குவதும் ஒரு கலையே. பாரம் பின்புறம் மிகுந்தால் வண்டி வால் ஆட்டும். முன்புறம் மிகுந்தால் இழுக்கும் ஊர்தியின் பின்பகுதி அமிழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும்.

ஆகவே அந்த இளைஞர் தம் மகிழுந்தை விற்று, உயரமான, ஐவர் அமரத்தக்க, பின்புறம் இழுவைக் கொக்கி பொருத்திய ஊர்தியை வாங்குகிறார். ஊர்தி மாறியதும் ஓட்டும் முறையும் மாறுகிறது. பிரிட்டனின் விரைவுச்சாலையில் மகிழுந்துகள் மணிக்கு 112 கிலோமீட்டர் வரை செல்லலாம். இழுவண்டியுடன் செல்லும் மகிழுந்துக்கு எல்லை ஏறத்தாழ 96 கிலோமீட்டர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள விரைவுச்சாலையில் வலப்புறக் கடைசித் தடத்தில் அது செல்லவும் கூடாது. நேற்றுவரை எல்லோரையும் முந்திச் சென்றவர், இன்று எல்லோருக்கும் வழிவிட்டுச் செல்கிறார்.

பின்னோக்கிச் செலுத்துவதில் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. இழுவண்டியின் பின்முனை இடப்புறம் செல்ல வேண்டுமெனில், திசைமாற்றியை முதலில் வலப்புறம் திருப்ப வேண்டும். பழகிய கைகள் மீண்டும் குழந்தையின் கைகளாகின்றன. விரைந்து ஓட்டியபோது முன்னாலிருந்த சாலையே போதுமானதாக இருந்தது. இப்போதோ பின்னால் வருகின்ற உயிர்களையும் இடைவிடாமல் நினைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது.

தனிமனிதரைப் போலவே ஊர்திகளை உருவாக்குவோரும் இந்தத் தெரிவைச் சந்தித்துள்ளனர். ஸ்போர்ட்ஸ் கார்களால் உலகப் புகழ்பெற்ற பெயர் போர்ஷே. அதே பெயரைத் தாங்கிய டீசல் டிராக்டர்கள் 1956 முதல் 1963 வரை ஜெர்மனியில் தயாராகி, வயல்களில் உழுதன. டிராக்டர் உற்பத்தி நின்ற அதே 1963இல்தான் புகழ்மிக்க போர்ஷே 911 பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 2002இல் அந்நிறுவனம், 3,500 கிலோகிராம் எடையுள்ள இழுவண்டியையும் இழுக்க வல்ல கெயென் என்னும் குடும்ப ஊர்தியை வெளியிட்டது. விரைவை வழிபட்டோர் முகம் சுளித்தனர். ஆயினும் கெயென் பெருமளவில் விற்பனையாகி, நிறுவனத்தின் வருவாயை உயர்த்தியது. ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கமும் தடையின்றித் தொடர்ந்தது. ஓடும் குதிரைக்குத் தீனி தந்தது, சுமை இழுக்கும் குதிரையே எனலாம்.

இதனால் விரைவின் இன்பம் இழிவானது என்று ஆகிவிடாது. இளமையில் மலைச்சாலையில் பெற்ற மகிழ்ச்சி பொய்யன்று. அதை விட்டுக்கொடுக்கும்போது மனம் வலிப்பதும் இயல்பே. விற்ற மகிழுந்து வேறொருவர் கையில் தெருமுனையைக் கடக்கும்போது, அதன் ஒலியைக் கேட்டுத் தலை தானே திரும்பும். இழப்பே இல்லை என்று சொல்லி மனத்தை ஏமாற்றுவோரைவிட, இழப்பது இன்னது என்று அறிந்தே கொடுப்போரின் ஈகை பெரிது.

ஆற்றல் என்பது இரு மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. அதன் பயன்தான் வேறுபடுகிறது. தனித்து விரையும்போது அது ஒருவரை அவர் விரும்பிய இடத்தில் சேர்க்கிறது. சுமையுடன் செல்லும்போது, தாமாக நகர இயலாதவற்றையும் உடன் கொண்டுசேர்க்கிறது. சாலையில் மெல்லச் செல்லும் இழுவண்டியைப் பின்தொடர நேரும்போது பொறுமை இழப்பது எளிது. அவ்வண்டியின் முன்னே அமர்ந்திருப்பவர் விரைந்து செல்லத் தெரியாதவர் அல்லர். யாருக்காகவோ மெல்லச் செல்லக் கற்றுக்கொண்டவர்.