தேம்ஸ் கரையில் மின்வடம் பொருத்துவோர்

இலண்டனைக் காணச் செல்லும் நம்மவர் டெட்போர்ட்டுக்குப் போவது அரிது. தேம்ஸ் நதியின் தென்கரையில், கிறீனிச்சுக்குச் சற்று மேற்கே அமைந்த பழைய துறை அது. எட்டாம் ஹென்றி மன்னன் 1513 இல் அங்கே கப்பல் கட்டும் தளத்தை நிறுவினான். உருசிய நாட்டுப் பேதுரு மன்னன் 1698 இல் கப்பற்கலை பயில வந்து அங்கே தங்கினான். அவனுடைய விசித்திரமான சிலையொன்று, சிற்றாறு தேம்சுடன் கலக்கும் முனையில் நிற்கிறது. சுற்றிலும் இன்று மாடிக் குடியிருப்புகளே. நிலக்கரி இறக்கிய பழைய மேடையொன்று மட்டும் ஆற்றுக்குள் நீண்டு, அவ்விடத்தில் ஒரு காலத்தில் மின்னிலையம் இருந்தமைக்குச் சான்று பகர்கிறது. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு மன்னனைவிட அந்த மேடையே பெரிதாகப் பட்டது.

1887 இல் அந்நிலையத்தைத் திட்டமிட்டபோது செபாஸ்தியன் பெரான்ரி என்னும் பொறியியலாளருக்கு வயது 23. நகரின் நடுப்பகுதிக்கு அங்கிருந்தே 10,000 வோல்ற்றில் மின்னை அனுப்பலாம் என்றார் அவர். விலைக்கு வாங்கிய வடங்கள் அவ்வழுத்தத்தைத் தாங்கவில்லை. ஆகவே தாமே வடம் செய்யத் துணிந்தார். ஒரு செப்புக் குழாய். அதன்மேல் மெழுகூட்டிய கபில நிறத்தாள். அதன்மேல் இன்னொரு செப்புக் குழாய். அந்த வடத்தை வளைக்க இயலாது; ஒவ்வொரு துண்டும் 20 அடி நீளமே. கணக்கிட்டுப் பாருங்கள்: மைலொன்றுக்கு 264 பொருத்துகள்! முனைகளைக் கூம்பாகக் கடைந்து, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி இறுக்கினார்கள். 1891 இல் அவற்றினூடாக மின் ஓடிற்று. அவ்வடங்களிற் சில நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன.

மக்களின் அச்சத்தைப் போக்க அவர் செய்த பரீட்சை சுவையானது. மின் ஓடும் வடத்தில் ஒருவர் உளியைப் பிடித்திருக்க, மற்றொருவர் சம்மட்டியால் அதனை அறைந்து இறக்கினார். பிடித்தவருக்கு ஓர் ஊறும் நேரவில்லை. வெளிக்குழாய் புவியுடன் தொடுக்கப்பட்டிருந்தமையால், மின் அதற்கே பாய்ந்து, உருகி எரிந்து, ஓட்டம் நின்றது.

இன்று எவரும் அவ்வாறு உளி பிடிக்க அனுமதிக்கப்படுவதில்லை. இதனை, கென்ற் பகுதியிலுள்ள பயிற்சி நிலையமொன்றில் கண்டேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே உயரழுத்த வடம் பொருத்தும் தொழிலைப் பயில்கிறார். குழியொன்றில் ஒரே தோற்றமுள்ள வடங்கள் பல கிடக்கும். எது மின் நிறுத்திய வடம் என்பதைக் கருவிகொண்டு அறிந்த பின்னரும், அறுக்குமுன் அதன்மேல் துப்பாக்கி போன்ற பொறியொன்றைப் பூட்டி, யாவரும் விலகி நின்று, தூரத்திலிருந்து வெடிக்க வைக்கிறார்கள். எஃகு முனை வடத்துள் இறங்கும். அதன் பின்னரே வாளைத் தொடலாம்.

பயிற்சிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். வீடுகளுக்குச் செல்லும் 400 வோல்ற்று வடத்தில் தொடங்கி, 11,000, 33,000 என ஏறவேண்டும். “முதலிலை கனநாள் வெட்டவும் உரிக்கவும்தான் விட்டவை, சேர்” என்றார் மாணவர். உரிப்பதிலேதான் உயிர் இருக்கிறது. செம்புக் கம்பியைச் சுற்றிய பொலித்தீன் காவலியின்மேல், கரி கலந்த குறைகடத்திப் படையொன்று ஒட்டியிருக்கும். காவலியிற் கீறல் விழாமல் அதனை மட்டும் சீவியெடுக்கவேண்டும். பின்பு துடைக்கும்போது, கம்பியின் பக்கத்திலிருந்து கரிப்படையை நோக்கியே துணி செல்லவேண்டும். எதிராகத் துடைத்தால் கரித்தூள் காவலியிற் படியும். ஒரு கீறலில், ஒரு துளி வியர்வையில், சிறு காற்றிடைவெளியில் கேடு தொடங்கி, மரக்கிளைபோல் மெல்ல மெல்லப் படர்ந்து, பல்லாண்டு கழித்து வடத்தை வெடிக்கச் செய்யலாம். பொருத்தியவர் அப்போது எந்த ஊரில் இருப்பாரோ!

பழைய முறையையும் கற்பிக்கிறார்கள். தாளும் ஈய உறையும் கொண்ட முந்திய தலைமுறை வடங்கள் இன்னும் மண்ணுக்குள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. புதியவற்றை அவற்றோடு இணைக்கவேண்டும். தாளில் ஈரம் உண்டா என்று அறியும் வழி நம் சமையலறைக்கு அயலானதன்று. கிழித்தெடுத்த கீற்றைச் சூடான மெழுகில் தோய்க்கிறார்கள். தாளிதத்திற் கடுகு வெடிப்பதுபோல் பொரிந்து நுரைத்தால் ஈரம் இருக்கிறது. அப்பகுதியை வெட்டி எறியவேண்டியதே.

ஊரிலுள்ள இவருடைய தாயார், மகன் ‘கரண்டுக் கந்தோரில்’ இருப்பதாகவே அயலவர்க்குக் கூறுகிறார். தெருக் குழிக்குள் இருந்து வேலை செய்கிறான் என்று சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. நம் வீடுகளின் வழக்கம் அது. மேசையும் கதிரையும் இல்லாத உத்தியோகத்தை நாம் உத்தியோகமாக மதிப்பதில்லை. “தம்பி, அம்மாவை ஒருமுறை இங்கே அழைத்து வந்து காட்டும்” என்றேன். சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

அன்று பிற்பகல் அவர் முடித்திருந்த பொருத்தைப் பயிற்றுநர் வெட்டிப் பிரித்தார். மூன்று மணி நேரத்து வேலை. எனக்குக் குற்றம் எதுவும் தெரியவில்லை. பயிற்றுநர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஓரிடத்தைச் சுட்டினார்: நகம் பட்டாற்போல் ஒரு மெல்லிய கோடு. மாணவர் அதனை விரலால் தடவிப் பார்த்தார். பின்பு கைகளை நன்றாகத் துடைத்துவிட்டு, அடுத்த வடத்துண்டை எடுத்துப் பிடியிற் பூட்டினார்.