ஹட்டன் வீட்டு ஜன்னலுக்கு என்ன சீலை?



பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "கேர்ட்டனுக்கு என்ன துணி எடுக்கலாம்?" கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதில் ஹட்டனுக்குச் சரிவராது. இந்த மலையில் குடியிருப்பவர்களுக்காக, எங்கள் வீட்டில் பார்த்துப் பழகியதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம்ம ஊரைப் பற்றி. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பக்கத்தில் இருக்கும் வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. இரவில் ஜன்னலை இறுக்கி மூடிவிட்டுப் படுக்கிறோம். உள்ளே நாலைந்து பேரின் மூச்சு, சோறு வடித்த ஆவி, சுடுதண்ணீர் ஆவி. வெளியே குளிர். விடியும்போது கண்ணாடியில் தண்ணீர் வழிந்து நிற்கும். பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தில் ஒடுங்கல் என்று படிப்பிக்கிறோமே, அதுதான் இது.

கண்ணாடியில் ஒட்டித் தொங்கும் சீலை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. இரண்டு மூன்று நாள் காயாமல் கிடந்தால் ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழும். அது அழுக்கு இல்லை, பங்கசு. அதன் வித்திகள் அறைக் காற்றில் கலந்து சுற்றும். எங்கள் சின்னவருக்கு இழுப்பு இருக்கிறது. மழை மாதங்களில் அவர் இரவில் மூச்சுக்குப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு, ஜன்னல் சீலை அலங்காரப் பொருளாகத் தெரியாது. மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய விடயம் அது.

சரி, துணி. டவுனில் ஒரு கடையில் எங்களுக்கு வெல்வெட் துணியை விரித்துக் காட்டி, "குளிருக்கு இதுதான் நல்லம்" என்றார்கள். குளிருக்கு நல்லதுதான், ஈரத்துக்கு ஆகாது. வெல்வெட்டும், லைனிங் போட்ட தடித்த துணியும் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், நனைந்தால் ஒரு கிழமைக்குக் காயாது. சுத்தமான பருத்தி கண்ணுக்கும் கைக்கும் இதம். ஆனால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், மெதுவாகத்தான் காயும், பங்கசும் அதில் சுலபமாகப் பிடிக்கும். பொலியெஸ்டர் சீக்கிரம் காயும். நடுத்தரக் கனமான, பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணிதான் எங்கள் வீட்டில் நின்று பிடித்தது. அதோடு உள்பக்கம் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று. பகலில் வெள்ளை மட்டும் மூடியிருக்கும். வெளிச்சம் உள்ளே வரும், வெளியில் இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. இரவில் விளக்குப் போட்டால் அது தலைகீழாகிவிடும், மெல்லிய துணி எதையும் மறைக்காது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கனத்த சீலையை இழுத்துவிடுங்கள்.

ஆனால் அடுப்படி ஜன்னலுக்குப் பொலியெஸ்டர் வேண்டாம். தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் எந்தத் துணியையும் நீளமாகத் தொங்கவிட வேண்டாம்.

அளவு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுங்கள். அப்போதுதான் மடிப்பு விழும்.

பருத்தி கலந்த துணியைத் தைக்க முன்னர் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்னரே சுருங்கட்டும்.

தரை வரைக்கும் நீளம் வேண்டாம். சீமெந்துத் தரை மழைக்காலத்தில் வியர்க்கும். ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் போதும்.

கம்பியைச் சுவரோடு ஒட்டிப் பூட்டாமல் நாலு விரல் வெளியே தள்ளிப் பூட்டுங்கள். சீலை கண்ணாடியில் படாது, நடுவில் காற்றுப் போய் வரும். ஸ்பிரிங் கம்பி மலிவுதான், ஆனால் அதன் பிளாஸ்டிக் உறை வெடித்தால் துரு சீலையில் இறங்கும். அலுமினியம் அல்லது மரம் நல்லது. துருக்கறை விழுந்துவிட்டால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் வைத்துக் கழுவுங்கள். நிறத் துணி என்றால் ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பராமரிப்பில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. காலையில் சீலையை முழுதாக ஒதுக்கிவிட்டு, கண்ணாடியில் இருக்கும் தண்ணீரைப் பழைய துணியால் துடையுங்கள். மூட்டம் கலைந்து வெளிச்சம் வரும் நேரத்தில் அரை மணித்தியாலமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள். புள்ளி விழ ஆரம்பித்தால் சீலையை வெளியே கொண்டுபோய் உதறுங்கள், அறைக்குள் உதற வேண்டாம். பிறகு வினாகிரி கலந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெள்ளைப் பருத்திக்குப் பிளீச் போடலாம். ஆனால் பிளீச்சையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரீன் வாயு வரும், அது நஞ்சு.

நம்ம வீடுகளில் பெரிய கழுவல் என்றால் பெருநாளுக்குத்தான். பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது. 2018 இல் நோன்புப் பெருநாள் ஜூன் நடுப்பகுதியில், கொட்டும் மழையில் வந்தது. அந்த வருடங்களில் கழுவிய சீலைகளை அடுப்படியில் கொடி கட்டிக் காயவைத்துப் புகை மணத்தோடு மாட்டினோம். இப்போது மார்ச்சுக்கு வந்துவிட்டது, இன்னும் சில வருடம் பெப்ரவரியில் வரும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் இங்கே நல்ல வெயில். இந்த வருடங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மழைக்காலத்துப் பெருநாள் திரும்பி வரும்போது நமக்கும் வயது போயிருக்கும்.

இனி, இதை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறோம்.

எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் அதிகமானோர் தோட்டத்து லயத்தில் இருந்து வருகிறவர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு காம்பிரா, முன்னால் இஸ்தோப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயங்களில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. அங்கே சீலை ஜன்னலில் தொங்குவதில்லை, காம்பிராவின் நடுவில் தொங்குகிறது. ஒரு பக்கம் தாய் தகப்பன், மறுபக்கம் பெரிய பிள்ளை. உடுப்பு மாற்றுவதும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதும், யாருக்கும் தெரியாமல் அழுவதும் அந்தச் சீலைக்குப் பின்னால்தான். அதை இழுத்து மூடினால் வெளிச்சம் போய்விடும், திறந்தால் மறைப்புப் போய்விடும். பத்தாம் தரத்துப் பிள்ளை ஒன்று ஏன் வீட்டில் படிப்பதில்லை என்று கேட்பதற்கு முன்னர் அந்தக் காம்பிராவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சூரா நூரில் அல்லாஹ் மற்றவர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கச் சொல்கிறான். வீட்டுக்குள்ளேயே ஃபஜ்ருக்கு முன்னர், நண்பகலில், இஷாவுக்குப் பின்னர் என்று மூன்று நேரங்களில் சிறுபிள்ளைகளும் கேட்டுவிட்டு வரச் சொல்கிறான். கதவு இருக்கும் வீட்டுக்கு மட்டும் அது என்று எங்கேயும் இல்லை. வீடு பார்க்கப் போகும்போது நாங்கள் இஸ்தோப்பில் நின்று சத்தம் கொடுப்போம். "உள்ளுக்கு வாங்க சேர், டீச்சர்" என்று அந்த அம்மா சொல்லும் வரைக்கும் சீலையைத் தொடுவதில்லை. துணிதானே என்று விலக்கிக்கொண்டு தலையை நீட்டும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அந்தத் துணிதான் அவர்களுடைய சுவர்.

இப்போது இந்திய வீடமைப்புத் திட்டம் போன்றவற்றில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்துச் சில குடும்பங்கள் போயிருக்கின்றன. அப்படிப் போன ஒரு அம்மா எங்களிடம் அளவு கேட்டார். "எங்க பரம்பரையில ஜன்னலுக்குன்னு சீலை வாங்குறது இதுதான் மொத தடவ டீச்சர்." அவருக்குச் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. ஆயிஷா (ரழி) அவர்கள் தொங்கவிட்ட உருவப்படம் போட்ட திரையை ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஆயிஷா நாயகி அதை வீசவில்லை, வெட்டித் தலையணை செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இந்தப் பெருநாளுக்குச் சீலை மாற்றுகிறீர்களா? பழையது கிழியாமல் இருந்தால் நன்றாகக் கழுவி, காயவைத்து, இஸ்திரி போட்டு, வளையத்தோடும் கம்பியோடும் சேர்த்துக் கொடுங்கள். கம்பி இல்லாமல் கொடுத்தால் அது மூட்டைக்குள்ளேயே கிடக்கும். நடுச்சீலை ஒன்று தேவைப்படும் காம்பிரா உங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடமே இருக்கும். பிள்ளையின் கையில் வகுப்புக்கு முன்னால் கொடுக்க வேண்டாம், தாயிடம் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.